வண்டி மேல் ஒரு கதவு

இதை எழுதுகிறவன் அவரை முதன்முதலில் பார்த்தது கல்லூரி விண்ணப்ப வரிசையில். கையில் வணிகவியல் படிவம், சட்டைப் பையில் இரவல் பேனா. அவன் வீட்டில் அதுவரை யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. எதைக் கேட்டால் சிரிப்பார்கள், எதைக் கேட்கலாம் என்று தெரியாமல், முன்னால் நின்றவன் முதுகைப் பார்த்துக்கொண்டே நகர்ந்தான். வரிசை ஓரமாக ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணி கையை நீட்டி அவனை நிறுத்தினார்.

“தம்பி, உங்க ஊர்ல கிணறு எத்தனை அடி?”

“எங்க கிணறா? அறுபது.”

“தோண்டும்போது கூட இருந்தியா?”

“நான்தான் கூடை தூக்கினேன்.”

“அப்ப சொல்லு. மேல என்ன, நடுவுல என்ன, அடியில என்ன?”

மேலே செம்மண், அதற்குக் கீழே சுண்ணாம்பு போல வெள்ளையாக ஒரு அடுக்கு, நாற்பது அடிக்கு அப்புறம் வெடி வைத்தால்தான் அசையும் பாறை என்று அவன் சொன்னான். அவர் தொடையில் தட்டிக்கொண்டார்.

“இதைத்தாம்ப்பா ரெண்டாவது மாடியில மூணு வருஷம் நடத்துறாங்க. நீ பாதி பாடம் முடிச்சுட்டு வந்து கீழ நிக்கிற!”

அவன் படிவத்தை மாற்றி எழுதினான். அந்த வருடம் அவர் அப்படிப் பிடித்த பதினான்கு பேரில் அவன் மூன்றாவது.

கல்லூரியில் அவரைக் கல்லக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். நிலவியல் துறையின் ஆய்வக உதவியாளர். பத்தாவது வரை படித்தவர். வயது அப்போது நாற்பத்தாறு. பாறையை ரம்பத்தில் சீவி, கண்ணாடித் துண்டில் ஒட்டி, தண்ணீரும் கரகரப்புப் பொடியும் விட்டுத் தேய்த்துத் தேய்த்து, வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு மெல்லிய சில்லாக ஆக்குவது அவர் வேலை. அதை மைக்ரோஸ்கோப்பில் வைத்தால்தான் கல்லுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியும். எங்கே நிறுத்துவது என்பதில்தான் சூட்சுமம். கல்லுக்குள் இருக்கும் குவார்ட்ஸ் படிகம் மைக்ரோஸ்கோப்பில் மஞ்சள் மாறிச் சாம்பல் நிறம் காட்டும்போது கையை எடுத்துவிட வேண்டும். அதற்கு மேல் நாலு தேய்ப்பு தேய்த்தால் கண்ணாடிதான் மிஞ்சும். பத்தொன்பது வருடத்தில் அவர் கையில் ஒரு கல்லும் அப்படிக் காணாமல் போனதில்லை.

ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வரிசைக்குப் போகச் சொல்லி அவரிடம் யாரும் சொல்லவில்லை. அந்த வருடம் பன்னிரண்டு பேர் சேராவிட்டால் அடுத்த வருடத்திலிருந்து பாடப்பிரிவு கிடையாது என்று அலுவலகத்திலிருந்து தாள் வந்திருந்தது. முன்பெல்லாம் சுரங்க அதிகாரி மகன், எண்ணெய்க் கம்பெனிக்காரர் மருமகன் என்று தேடி வந்து சேர்வார்கள். இப்போது அவர்களெல்லாம் கம்ப்யூட்டர் பக்கம் போய்விட்டார்கள். துறைத்தலைவர் தன் பங்குக்கு ஒரு சுவரொட்டி ஒட்டினார். வெயில் இல்லாத அறைக்குள்ளும் தொப்பியைக் கழற்றாத மனிதர் என்பதால் அவருக்குத் தொப்பி சார் என்று பெயர். சுவரொட்டியில் சிவப்புக் கோட்டும் கறுப்புக் கண்ணாடியும் போட்ட ஒருவன் பனிமலையில் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தான். வரிசையில் நின்ற பிள்ளைகள் அவனை அண்ணாந்து பார்த்தார்கள். இது நமக்கில்லை என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கல்லக்கா அதை ஒரு நாள் முழுக்கக் கவனித்தார். மறுநாள் சுவரொட்டிக்கு முன்னால் ஒரு பலகை போட்டு, செங்கல் ஒன்று, உப்புக்கட்டி ஒன்று, பென்சில் ஒன்று, அம்மிக்கல் உடைசல் ஒன்று வைத்தார். “இதுல எது உங்க வீட்ல இல்ல?” என்பது அவர் கேள்வி.

பதினான்கு பேரில் ஐந்து பேர் பெண்கள். அந்தத் துறைக்குள் அதற்கு முன் ஒரு மாணவியும் வந்ததில்லை. ஐவரில் நால்வரின் அம்மாக்கள் வந்து நின்று ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: பாறை பார்க்க வெளியூர்க் கேம்ப் உண்டாமே, அங்கே பொண்ணுங்களுக்கு என்ன வசதி? ஐந்தாவது பெண்ணுக்கு அப்பா வந்தார். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி வைத்திருப்பவர். முப்பது வருடம் இரையும் கம்ப்ரஸர் பக்கத்தில் நின்றதில், பக்கத்தில் இருப்பவரிடமும் பத்து வயல் தாண்டி இருப்பவரிடம் பேசுவது போலத்தான் பேசுவார்.

“நான் கேம்ப்லயே காலம் தள்ளினவன்மா! கேம்ப்னா என்னன்னு எனக்கு நீங்க சொல்ல வேணாம்! ஆம்பளைங்க நாங்களே காட்டுல ஒதுங்கிட்டு வருவோம். என் பொண்ணு எங்க போகும்?”

பின்னால் நாலு அம்மாக்கள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். பேனா மூடி திறந்திருந்தது. அந்த ஒரு நிமிடத்தில் கல்லக்கா வாயைத் திறந்தார்.

“நான் கூடப் போறேண்ணே. ஒவ்வொரு கேம்புக்கும். பொண்ணுங்களுக்குத் தனி இடம் இருக்கு.”

இரண்டும் பொய். உதவியாளர்கள் கேம்புக்குப் போகக் கூடாது. அவர்கள் வேலை ஆய்வகத்தோடு சரி. தனி இடமும் கிடையாது. மூடிப்போன ஒரு பள்ளிக்கூடத்தின் கூடத்தில்தான் வருடா வருடம் எல்லாரும் படுப்பார்கள். பின்பக்கம் ஒரு கழிப்பறை உண்டு, கதவு இல்லை. இதை அவர் பழைய மாணவர்களிடம் விசாரித்தபோது, “கதவு எதுக்குக்கா? பாட்டுப் பாடிக்கிட்டே உட்காருவோம், யாரும் வரமாட்டாங்க” என்று சிரித்திருந்தார்கள்.

ரிக்காரர் கையெழுத்துப் போட்டார். நாலு அம்மாக்களும் போட்டார்கள்.

அன்று கல்லக்காவுக்குச் சந்தோஷம்தான் பெரிதாக இருந்தது. கேம்புக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது, சாரிடம் நல்ல நேரம் பார்த்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார். நல்ல நேரம் வரவே இல்லை. சார் சிரித்துக்கொண்டிருந்தால், அதை ஏன் கெடுப்பானேன் என்று தோன்றும். சிடுசிடுவென்று இருந்தால், கிட்டவே போக முடியாது. நாலு மாதம் இப்படியே ஓடியது. அந்த ஐந்து பெண்களும் ஆய்வகத்தில் “அக்கா, அக்கா” என்று சுற்றி வந்தார்கள். “கேம்ப்ல நீங்க எங்க பக்கத்துலதான் படுக்கணும்” என்று ரிக்காரர் மகள் இப்போதே இடம் போட்டு வைத்தாள். அவள் அப்படிச் சொல்லும்போதெல்லாம் கல்லக்கா கழுவிய கண்ணாடியையே மறுபடி கழுவுவார்.

பயம் ஒன்றல்ல. கேம்ப் போகாதவர்களுக்கு கேம்புக்கான தாளில் மதிப்பெண் இல்லை, வருடமே போய்விடும். பெற்றவர்கள் நிறுத்திவிட்டால் பெண்கள் வீட்டோடு சரி. ஐந்து பேர் குறைந்தால் மீதி ஒன்பது. ஒன்பது என்பது பன்னிரண்டு இல்லை. இது எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த ரிக்காரர் கல்லக்காவின் முகத்தைப் பார்த்து நம்பிக் கையெழுத்துப் போட்டது.

கேம்புக்கு மூன்று வாரம் இருக்கும்போது பெற்றோருக்குக் கடிதம் போனது. உடன் செல்லும் ஆசிரியர்கள் என்று இரண்டு பெயர், இரண்டும் ஆண்கள். அதற்கடுத்த நாள் ரிக்காரர் போன் செய்தார். கல்லக்கா திரையில் பெயரைப் பார்த்தார், கையைத் துடைத்தார், எடுக்கவில்லை. மறுநாளும் வந்தது, எடுக்கவில்லை. மூன்றாவது முறை மணி அடித்தபோது அவர் கை கண்ணாடிமேல் வட்டம் போட்டுக்கொண்டிருந்தது. மணி நிற்கும்வரை அப்படியே தேய்த்துக்கொண்டிருந்தார். நின்றபின் கழுவி, தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஜன்னல் பளிச்சென்று தெரிந்தது. கல்லைக் காணோம்.

அந்த வாரத்தில் அது இரண்டாவது. முதலாவது யாருக்கும் தெரியாமல் குப்பைக்குப் போயிருந்தது. இது தொப்பி சாரின் சொந்த ஆராய்ச்சிக்கல். வேறு சில்லு இல்லை.

சார் அதை விரலில் பிடித்து முன்னும் பின்னும் திருப்பினார்.

“என்னம்மா இது, மூக்குக் கண்ணாடி செய்யச் சொன்னேனா?”

“தேஞ்சு போச்சு சார்.”

“உங்க கையிலயா? யாராவது சொன்னா நம்புவாங்களா? வீட்ல யாருக்கும் உடம்பு சரியில்லையா?”

“இல்ல சார்.”

“அப்ப என்னதான்?”

அவர் சொன்னார். நின்றுகொண்டே, ரம்பத்தைப் பார்த்துக்கொண்டே, எல்லாவற்றையும் சொன்னார். சார் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அவர் தலையில் முடி இவ்வளவு குறைவு என்று அன்றுதான் தெரிந்தது.

“யாரைக் கேட்டு வாக்குக் கொடுத்தீங்க?”

“யாரையும் கேக்கல சார்.”

“நாலு மாசமா என்கிட்ட ஒரு வார்த்தை...?”

“பயம் சார்.”

“இப்ப எனக்கு வந்திடுச்சு அந்தப் பயம். நல்லா இருக்கு. பங்கு போட்டுக்கலாம்.” மேசைமேல் இருந்த தொப்பியை ஒரு சுற்று திருப்பினார். “கதவு இல்லங்கறது எனக்கு ஏன்மா தோணவே இல்ல? பன்னெண்டு வருஷமா அங்க போறேன்.”

சார் கையிலிருந்த வெற்றுக் கண்ணாடியைக் கல்லக்கா வாங்கி வைத்தார்.

தாவரவியல் மேடத்தைக் கேட்டார்கள். முதலில் சரி என்றார், இரண்டு நாள் கழித்துக் கைக்குழந்தையை விட முடியாது என்றார். கடைசியில் சார் ஒரு கோப்பு எழுதினார்: கருவிகளையும் கல் மாதிரிகளையும் பொறுப்பாகப் பார்த்துக்கொள்ள ஆய்வக உதவியாளரை உடன் அழைத்துச் செல்ல அனுமதி வேண்டும். கோப்பு கண்காணிப்பாளர் மேசைக்குப் போனது. கல்லக்கா தினமும் இரண்டு முறை ஏதாவது சாக்கு வைத்து அந்தப் பக்கம் நடந்தார். கோப்பு திங்கட்கிழமை மேலே இருந்தது. புதன்கிழமை அதன்மேல் நாலு கோப்பு ஏறியிருந்தது. வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட வேண்டிய கல்லூரி முதல்வர் வெளியூர். கேம்ப் வண்டி திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு.

கல்லக்காவின் கணவர் வெல்டர். வீட்டு முன்பக்கமே பட்டறை. சனிக்கிழமை அவர் டீக் குடித்துக்கொண்டிருக்கையில் கல்லக்கா எதிரே வந்து நின்றார்.

“ஏங்க, ஒரு கதவு வேணும்.”

“நம்ம வீட்டுக்கு இருக்கே.”

“கேம்புக்கு.”

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். “கேம்புக்குப் போறவங்க பெட்டி கட்டுவாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். நீ கதவு கட்டுறியா?”

அந்தக் கழிப்பறையின் நிலைவாசல் அளவைக் கல்லக்கா ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தார். பழைய மாணவன் ஒருவன் அந்தப் பக்கம் போனபோது கயிற்றால் அளந்து முடிச்சுப் போட்டு அனுப்பியிருந்தான். கணவர் இரும்புச் சட்டம் அடித்தார், தகரம் வைத்தார், சுவரில் அறைய நாலு கொக்கி வைத்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பச்சைப் பெயிண்ட் அடிக்கும்போது மெதுவாகக் கேட்டார்.

“உத்தரவு வராம வண்டி ஏறினா என்ன ஆகும்?”

“மெமோ குடுப்பாங்க.”

“குடுத்தா?”

“பதில் எழுதணும்.”

“உனக்கு எழுத வருமா?”

“பத்தாவது படிச்சதுக்கு அதுகூட வராதா?”

அவர் சிரிக்கவில்லை. பிரஷ்ஷைத் தோய்த்து, அடித்த இடத்திலேயே இன்னொரு முறை அடித்தார்.

திங்கட்கிழமை கல்லூரி வாசலில் வண்டி வந்து நின்றபோது வெளிச்சம் சரியாக வரவில்லை. ஓட்டுநரும் கணவரும் சேர்ந்து கதவை மேலே ஏற்றிக் கட்டினார்கள். பையன்கள் ஒன்பது பேரும் ஏறிவிட்டார்கள். நாலு பெண்கள் அம்மாக்களோடு படிக்கட்டுப் பக்கம் நின்றார்கள், ஏறவில்லை. ரிக்காரர் ஏதாவது சொல்லட்டும் என்று அம்மாக்கள் காத்திருப்பது கல்லக்காவுக்குப் புரிந்தது.

ரிக்காரர் வந்தார். மகளின் பை அவர் தோளில்.

“லிஸ்ட்ல உங்க பேரு இல்லையேம்மா!” தெருமுனை வரை கேட்டிருக்கும். “மூணு தடவை போன் போட்டேன்! எடுக்கல! எடுக்காதவங்ககிட்ட பதில் இல்லன்னுதானே அர்த்தம்?”

தொப்பி சார் முன்னால் வந்தார். “நாங்க கேட்டிருக்கோம், உத்தரவு...” என்று ஆரம்பித்தார். கல்லக்கா குறுக்கே புகுந்தார்.

“சார், இருங்க. அண்ணே, அன்னைக்கு நான் சொன்னது பொய்.”

அம்மாக்களில் ஒருத்தி மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“கூடப் போக எனக்கு அனுமதி இல்ல. தனி இடம்னு சொன்னதும் இல்ல. உங்க பொண்ணு சேரணும்னு வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன். போன் எடுக்க தைரியம் இல்ல. அதான் நடந்தது.”

“இப்பவும் அனுமதி இல்லையா?”

“இல்ல.”

ரிக்காரர் தோளில் இருந்த பையை இறுக்கிக்கொண்டார். மகள் தரையைப் பார்த்தாள். இனி அவள் வீட்டுக்குத் திரும்பி நடப்பாள், நாலு பேரும் பின்னாலேயே போவார்கள் என்று கல்லக்காவுக்கு உறுதியாகத் தெரிந்தது. ஆனாலும் வண்டிக்குள் தன் துணிப்பையை எறிந்தார்.

“நான் ஏறத்தான் போறேண்ணே. வந்து மெமோ வாங்கிக்கிறேன். நீங்க அனுப்புறதும் அனுப்பாததும் உங்க இஷ்டம்.”

தொப்பி சார் கடிகாரத்தைப் பார்த்தார். “நான் சுத்தியல் மட்டும்தான் எண்ணினேன். ஆள் எண்ணல” என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வண்டிக்கு முன்பக்கம் போய் நின்றுகொண்டார்.

ரிக்காரர் கண் வண்டிக்கு மேலே போயிருந்தது.

“அது என்ன?”

“கதவு.”

“கதவா?”

“அங்க கக்கூஸுக்குக் கதவு இல்லண்ணே. எங்க வீட்டுக்காரர் செஞ்சார். போனதும் முதல் வேலையா மாட்டிடுவேன். துளை போட மெஷின் எடுத்துட்டேன்.”

“தாழ்ப்பாள் எந்தப் பக்கம்?”

“உள்பக்கம். வெளியில கொண்டி வைக்கவே இல்ல.”

முப்பது வருடமாக ரிக்காரர் தங்கிய கேம்ப் ஒவ்வொன்றும் கண்ணில் ஓடியதோ என்னவோ. பிறகு பையை மகள் கையில் கொடுத்துவிட்டு வண்டியின் பின்பக்க ஏணியில் ஏறினார். கயிற்றை இழுத்துப் பார்த்தார்.

“யாரு போட்ட முடிச்சு இது?” கீழே வெல்டர் மெதுவாகக் கையைத் தூக்கினார். “முதல் வேகத்தடையிலயே உங்க கதவு ரோட்டுல கிடக்கும்யா! ரிக் கம்பி கட்டுறவன்கிட்ட கேட்டிருக்கக் கூடாதா?”

அவிழ்த்து, தன் முறையில் இறுக்கிக் கட்டினார். கட்டிக்கொண்டே கீழே பார்த்து, “ஏறு. வண்டி கிளம்பணும்ல?” என்றார். மகள் ஏறினாள். அவள் பின்னால் மற்ற நாலு பேரும் ஏறினார்கள்.

ஏணியிலிருந்து இறங்கியதும் கல்லக்காவிடம் வந்தார். முதல்முறையாக அவர் குரல் தாழ்ந்திருந்தது. “போன் போட்டா எடுக்கணும்” என்றார்.

ஆறு நாளும் கல்லக்கா போனைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டே திரிந்தார். கழிப்பறைக்குப் போகும்போதுகூடக் கழற்றவில்லை என்று பெண்கள் கேலி செய்தார்கள். தினமும் சாயங்காலம் ஐந்து வீட்டுக்கும் பேசினார். கூடத்தின் நடுவே தார்ப்பாய் கட்டி, வாசலை அடைத்துத் தன் பாயைப் போட்டார். ஒவ்வொரு சத்தத்துக்கும் எழுந்து உட்கார்ந்தார். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. மூன்றாம் நாள் ஓர் ஓடைக்கரையில், சுத்தியலால் தட்டிய சத்தத்தை வைத்தே எது மக்கிய பாறை, எது கெட்டிப்பாறை என்று ரிக்காரர் மகள் பிரித்துச் சொன்னாள். தொப்பி சார் மறுபடி தட்டிப் பார்த்துவிட்டு, “இதை யார் சொல்லிக் கொடுத்தா?” என்று கேட்டார். “எங்கப்பாதான். சத்தமா பேசினாலும் காது மட்டும் நல்லா கேக்கும் சார்” என்றாள். அன்றுதான் கல்லக்கா வயிறாரச் சாப்பிட்டார்.

திரும்பி வந்த அன்றே மெமோ மேசைமேல் இருந்தது. பதிலை அவரே எழுதினார், நாலு வரி. போனது உண்மை, அனுமதி இல்லை என்று தெரிந்தே போனேன், பெண் பிள்ளைகளோடு ஒரு பெண் போக வேண்டும், இனிமேல் அனுமதி கொடுத்தால் அனுமதியோடு போகிறேன். அவருடைய பணிப்பதிவேட்டில் கண்டிக்கப்பட்டார் என்று ஒரு வரி ஏறியது. அது இன்றும் இருக்கிறது. அடுத்த வருடக் கேம்ப் உத்தரவில், உடன் செல்வோர் பட்டியலில் பெண் ஆய்வக உதவியாளர் ஒருவர் என்று சேர்த்திருந்தார்கள். காரணம் எதுவும் எழுதவில்லை.

அந்த ஐவரில் நால்வர் பட்டம் வாங்கினார்கள். ஒருத்தி இரண்டாம் வருடத்தில் அம்மா படுத்துவிட்டதால் நின்றுவிட்டாள். கல்லக்கா மூன்று முறை அவள் வீட்டுக்குப் போய்ப் பேசிப் பார்த்தார், நடக்கவில்லை. ரிக்காரர் மகள் நிலத்தடி நீர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். இதை எழுதுகிறவனும் பட்டம் வாங்கினான்.

கல்லக்காவுக்கு இப்போது ஐம்பத்திரண்டு வயது. அதே துறையில், அதே உதவியாளர் பணியில் இருக்கிறார். முழங்கால் வலிக்கிறது. வருடத்துக்கு இரண்டு கேம்ப் போகிறார், கிளம்புவதற்கு முந்தின வாரம் இன்னமும் சரியாகச் சாப்பிடுவதில்லை. இந்த வருடம் முதலாண்டில் இருபத்து மூன்று பேர், அதில் பதினொருவர் பெண்கள். ஒரு மாணவர் சக்கர நாற்காலியில் வருகிறார். கேம்ப் கூடத்துக்கு எத்தனை படி என்று எண்ணி வர, அடுத்த சனிக்கிழமை கல்லக்கா கணவரையும் அழைத்துக்கொண்டு அங்கே போகிறார்.